மகேந்திரகிரியில் குளிரை அளக்கும் கம்பி

திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கோடியில், காவல்கிணற்றை அடுத்த மகேந்திரகிரியில், இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் இருக்கிறது. 2023 ஜூலையில் சந்திரயான்-3ஐ ஏற்றிச்சென்ற ராக்கெட்டின் மேலடுக்கில் இருந்த சிஇ-20 வகை எஞ்சின்களைத் தீமூட்டிச் சோதிப்பது இங்கேதான். அவற்றின் எரிபொருள் திரவ ஹைட்ரஜன். குளிர் மைனஸ் 253 டிகிரி. பாதரசம் மைனஸ் 39லேயே உறைந்துவிடும். அப்புறம் எதைக் கொண்டு அளப்பது?

பிளாட்டினம் கம்பியைக் கொண்டுதான். குளிரக் குளிர அதன் மின்தடை குறையும். 0 டிகிரியில் 100 ஓம் காட்டும் உணரி (சென்சார்), திரவ ஆக்சிஜனின் மைனஸ் 183ல் சுமார் 26 ஓம் காட்டும். திரவ ஹைட்ரஜனில் இரண்டு ஓம் சொச்சம். அந்தக் குளிரில் ஒரு டிகிரிக்கு மாறுவது 0.085 ஓம்தான்.

சிக்கல் உணரியில் இல்லை, வழியில் இருக்கிறது. எரியும் எஞ்சின் அருகே யாரும் நிற்க முடியாது. அளவு கம்பி வழியே தொலைவுக்கு வரவேண்டும். 100 மீட்டர் என்றே வைத்துக்கொள்வோம். அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள செம்புக் கம்பி, போக வரச் சுமார் 17 ஓம். பத்துக் கிலோ அண்டாவோடு சேர்த்து ஒரு பிடி அரிசியை நிறுப்பது போலத்தான். அண்டாவின் எடையைக் கழித்துவிடலாமே என்றால், அதுவும் நிலையாக இல்லை. சித்திரை வெயிலில் கம்பி 20 டிகிரி சூடேறினால் 1.3 ஓம் கூடிவிடும். ஹைட்ரஜன் பத்து டிகிரி சூடாகிக் கொதித்தே போய்விட்டது என்று கருவி பொய் சொல்லும்.

இதற்கு மின்னணுப் பொறியாளர்கள் கையாளும் வழி நான்கு கம்பிகள். இரண்டில் 1 மில்லிஆம்பியர் மின்னோட்டம் போய்வரும். மற்ற இரண்டும் உணரியின் இரு முனைகளிலும் மின்னழுத்தத்தைப் பார்க்க மட்டும். அவற்றின் மறுமுனையில் உள்ள பெருக்கி மின்னோட்டத்தை ஏறக்குறைய எடுப்பதே இல்லை. மின்னோட்டம் ஓடாத கம்பியில் எத்தனை ஓம் இருந்தால் என்ன, மின்னழுத்தம் குறையாது! 17 ஓமும் வெயிலும் கணக்கைவிட்டே போய்விடுகின்றன. பிழையைத் திருத்தாமல், அது நுழையவே இடமில்லாதபடி சுற்றை அமைப்பதுதான் இதில் என்னை மிகவும் வியக்கவைக்கிறது.

அந்த மின்னோட்டமே கூடிக் குறைந்தால்? அதையே மதிப்பு மாறாத ஒரு மின்தடையாக்கி வழியாகவும் செலுத்தி, இரண்டு மின்னழுத்தங்களின் விகிதத்தை மட்டும் எடுப்பார்கள். ஏறினாலும் இறங்கினாலும் இரண்டும் சேர்ந்தே நகரும், விகிதம் அசையாது.

வேறு வேறு உலோகங்கள் சேரும் இணைப்புகளில் வெப்ப வேறுபாடு தானாகவே சில மைக்ரோவோல்ட்டுகளை உண்டாக்கும். ஹைட்ரஜனின் ஒரு டிகிரியே இங்கே 85 மைக்ரோவோல்ட்தான் என்பதால் அதையும் விடமுடியாது. மின்னோட்டத்தின் திசையை மாற்றி மறுபடி அளந்தால், உணரியின் மின்னழுத்தம் குறி மாறும். இந்த ஒட்டுண்ணி மின்னழுத்தம் மாறாது. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துப் பாதியாக்கினால் உணரியுடையது மட்டும் மிஞ்சும்.

சோதனையின் அதிர்வில் கம்பியே அறுந்தால்? அளக்கும் கம்பிகளில் மிகச் சிறிய கசிவு மின்னோட்டம் ஒன்றை வேண்டுமென்றே விட்டிருப்பார்கள். கம்பி அறுந்த கணத்தில் அது மின்னழுத்தத்தை உச்சிக்குத் தூக்கிவிடும். எந்தக் குளிரிலும் வரமுடியாத அந்த எண்ணைக் கண்டதும் கணினி அந்த உணரியை ஒதுக்கிவிட்டு அடுத்ததை நம்பும்.