கச்சானையும் வாடையையும் பார்த்து டிக்கெட் போடுங்கள்

பூமியில் இதுவரை வாழ்ந்த விலங்குகளில் மிகப் பெரியது நீலத்திமிங்கிலம். அல்சூரில் இருக்கும் ஒரு குடும்பம் அதைப் பார்க்க ஐஸ்லாந்துக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ பறக்க வேண்டியதில்லை. பெங்களூரிலிருந்து கொழும்புக்கு நேரடி விமானத்தில் சுமார் ஒன்றரை மணி நேரம். நீலத்திமிங்கிலத்தைக் கரையிலிருந்து அதிகத் தொலைவு போகாமல் பார்க்கக்கூடிய இடங்கள் உலகில் மிகக் குறைவு. இலங்கை அவற்றில் ஒன்று. ஆனால் தீவின் எந்தக் கரைக்குப் போவது என்பதை மாதம்தான் தீர்மானிக்கிறது. மிரிஸ்ஸ என்ற பெயரை மட்டும் கேட்டுவிட்டு ஜூலையில் போய் இறங்கினால், தெற்குக் கடல் கொந்தளித்துக் கிடக்கும்.

மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும். அப்போது தெற்கும் மேற்கும் சீறும், கிழக்கு அடங்கியிருக்கும். நவம்பருக்குப் பிறகு வாடை வீசத் தொடங்கினால் நிலைமை தலைகீழ். ஆகவே டிசம்பரிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை மிரிஸ்ஸ. மே முதல் ஆகஸ்ட் வரை திருகோணமலை. கிறிஸ்துமஸ் விடுமுறைக்குத் தெற்கு, மே மாத விடுமுறைக்குக் கிழக்கு என்று வைத்துக்கொள்ளலாம். தசரா விடுமுறை இரண்டு பருவத்துக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது. அப்போது வேறு ஊருக்குப் போவதே நல்லது. ஏப்ரலில் போகிறவர்கள் சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களைத் தவிர்க்கவும். தமிழர், சிங்களர் இருவருக்கும் அது பண்டிகை; பல கடைகள் அடைத்திருக்கும்.

இங்கே ‘சீசன்’ என்பது பெரும்பாலும் படகுகளுக்குத்தான். மற்ற கடல்களில் நீலத்திமிங்கிலங்கள் கோடையில் குளிர்ந்த கடலுக்குப் போய் இரை தின்று, குளிர்காலத்தில் வெப்பக் கடலுக்குத் திரும்புகின்றன. வட இந்தியப் பெருங்கடலில் உள்ளவை அவ்வளவு தூரம் போவதில்லை. வெப்பக் கடலிலேயே இரையும் தேடிக்கொள்கின்றன. 2003இல் ஆராய்ச்சிக் கப்பல் ஒன்றில் இருந்த இலங்கைக் கடல் உயிரியலாளர் ஆஷா டி வோஸ், ஆறு நீலத்திமிங்கிலங்களை ஒரே இடத்தில் பார்த்தார். அவற்றின் சிவந்த கழிவு நீரில் மிதந்துகொண்டிருந்தது. இங்கேயே அவை தின்கின்றன என்பதற்கு அதைவிட நேரடியான தடயம் வேண்டியதில்லை. சிறு இறால் வகைகள்தான் அவற்றின் உணவு. தெற்கில் தெவிநுவர முனைக்கு அருகிலும் திருகோணமலைக்கு வெளியிலும் கடலடி சட்டென்று சரிந்து ஆழமாகிவிடுகிறது. அதனால் ஆழ்கடல் விலங்கு கரைக்கு இவ்வளவு பக்கத்தில் வருகிறது.

முடிந்தால் திருகோணமலையைத் தேர்ந்தெடுங்கள் என்பேன். உப்புவெளியிலும் நிலாவெளியிலும் படகுக்காரரோடு தமிழிலேயே பேசலாம். கோணேஸ்வரம் கோயில் நிற்கும் பாறையின் விளிம்பிலிருந்து, அதிர்ஷ்டம் இருந்தால், கரையில் நின்றபடியே திமிங்கிலத்தின் மூச்சைப் பார்க்கலாம். 1980களின் தொடக்கத்தில் ‘துலிப்’ என்ற ஆய்வுப் படகு இந்தக் கடலில் திமிங்கிலங்களை ஆராய்ந்தது. பிறகு போர் வந்தது. பல ஆண்டுகளுக்கு இந்தக் கடல் ஆய்வாளருக்கும் பயணிக்கும் மூடிக்கிடந்தது. 2009க்குப் பிறகுதான் இங்கே சுற்றுலா மறுபடி தலைதூக்கியது.

தெற்கில் இன்னொரு கவலையும் உண்டு. உலகின் மிக நெரிசலான கப்பல் பாதைகளில் ஒன்று தெவிநுவரவுக்குத் தெற்கே, திமிங்கிலங்கள் இரை தேடும் இடத்தின் வழியாகவே போகிறது. கப்பல் மோதி அவை இறக்கின்றன. 2022இல் எம்எஸ்சி நிறுவனம் தன் சரக்குக் கப்பல்களை இன்னும் தெற்கே திருப்பியது. எல்லா நிறுவனங்களும் அதைச் செய்ய வேண்டும்.

படகுகள் பெரும்பாலும் அதிகாலையில் கிளம்பும். திரும்ப நான்கைந்து மணி நேரம் ஆகலாம். வாந்தி வரும் உடம்பு என்றால் மருத்துவரைக் கேட்டு மாத்திரையைப் படகில் ஏறுவதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். கடலில் தலை சுற்றத் தொடங்கியபின் போடுவதில் பெரிய பயன் இல்லை. முதலில் கண்ணில் படுவது மூச்சுதான்: பல மீட்டர் உயரத்துக்கு எழும் வெண்புகை. பிறகு சாம்பல் நீல முதுகு நகர்ந்துகொண்டே இருக்கும். இங்குள்ளவை அண்டார்க்டிக் இனத்தைவிடச் சிறியவைதான், ஆனாலும் ஏறத்தாழ இரண்டு பிஎம்டிசி பேருந்துகளின் நீளம். சில தடவை மூச்சு விட்டபின் வாலைத் தூக்கி ஆழத்துக்குப் போய்விடும். அடுத்து எழப் பத்து நிமிடத்துக்கு மேலும் ஆகலாம். அந்தக் காத்திருப்பு பிள்ளைகளுக்குக் கஷ்டம். முன்பே சொல்லி அழைத்துப் போங்கள்.

பணம் கட்டுமுன் படகுக்காரரிடம் ஒன்றைக் கேளுங்கள்: திமிங்கிலம் தெரிந்ததும் என்ன செய்வீர்கள்? வேகத்தைக் குறைத்து, பக்கவாட்டில் தள்ளி நிற்போம் என்பவர் நல்லவர். 2012இன் இலங்கை விதிப்படி 100 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். மிக அருகில் கொண்டுபோகிறேன், கூடவே நீந்தலாம் என்று ஆசை காட்டுபவரை விட்டு விலகுங்கள். ஐந்தாறு படகுகள் சூழ்ந்து துரத்தினால் திமிங்கிலம் இரையை விட்டுவிட்டு முழுகிவிடும். பசியோடு போவது அது. திமிங்கிலம் தென்படாவிட்டால் கட்டணத்தில் என்ன செய்வார்கள் என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம். விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன; டிக்கெட் எடுப்பதற்கு முன் இலங்கை அரசின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.