20 ஈ.சி. தெரிகிறது... பி.டி., ஓ.டி. தெரிய வேண்டாமா?

கும்பப்பூ நடவு முடிந்த நேரம் பூதப்பாண்டி, தோவாளைப் பக்கத்து மருந்துக்கடை எதிலாவது அரை மணி நேரம் நின்று பார்த்தால் போதும். குளோர்பைரிபாஸ் வாங்க வரும் விவசாயி, டப்பாவைத் திருப்பி முதலில் எண்ணைத்தான் பார்ப்பார். 20 ஈ.சி.யா, 50 ஈ.சி.யா? இருபது என்றால் டேங்குக்கு எவ்வளவு ஊற்றுவது, ஐம்பது என்றால் எவ்வளவு குறைப்பது என்ற கணக்கு அவருக்கு மனப்பாடம். ஒன்றின் அளவில் மற்றதை ஊற்றினால் வீரியம் இரண்டரை மடங்கு ஏறும், பயிர் கருகும் என்று யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஈ.சி. தண்ணீரில் பால்போலக் கலக்கும் எண்ணெய்க் கரைசல், டபிள்யூ.பி. நனையும் தூள், எஸ்.எல். நீரில் கரையும் திரவம். இதெல்லாம் பள்ளியில் படித்ததல்ல, வரப்பில் நின்று படித்தது.

அதே விவசாயி ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியிலோ ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ஓ.பி. சீட்டோடு வெளியே வரும்போது, அதிலுள்ள எழுத்துகளைப் பார்க்காமலே மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறார். பயிருக்கு அடிக்கும் மருந்தில் இருக்கும் கவனம், உடம்புக்குள் போகும் மருந்தில் இல்லை. குற்றம் அவருடையது மட்டுமல்ல. அந்த எழுத்துகளை அவரிடம் யாரும் விளக்கியதே இல்லை.

பி.டி. என்பது பீடி அல்ல

மருந்துச் சீட்டில் இருக்கும் குறிகளில் பாதி ஆங்கிலம்கூட இல்லை, லத்தீன். ஐரோப்பிய வைத்தியர்கள் லத்தீனில் எழுதிய காலத்து மிச்சம். சீட்டின் தலையில் 'ஆர்' எழுத்தின் காலை வெட்டியதுபோல் இருக்கும் குறிக்கு 'எடுத்துக்கொள்' என்று பொருள். அதை எழுதும் மருத்துவரிலேயே பலருக்கு அந்த மூலச்சொல் நினைவிருக்காது. பழக்கத்தில் கை எழுதிவிடுகிறது.

ஓ.டி. என்றால் நாளுக்கு ஒரு வேளை. பி.டி. என்றால் இரு வேளை. டி.டி.எஸ். மூன்று வேளை, க்யூ.ஐ.டி. நான்கு வேளை. எச்.எஸ். என்று இருந்தால் படுக்கப்போகும் நேரத்தில். ஏ.சி. சாப்பாட்டுக்கு முன், பி.சி. சாப்பாட்டுக்குப் பின், இந்த இரண்டையும் நம் ஊரில் பி.எஃப்., ஏ.எஃப். என்றும் எழுதுகிறார்கள். இங்கேதான் ஒரு வழுக்கல். ஏ.சி.யில் 'ஏ' சாப்பாட்டுக்கு முன்னால், ஏ.எஃப்.பில் அதே 'ஏ' சாப்பாட்டுக்குப் பின்னால். முன்னது லத்தீன், பின்னது ஆங்கிலம். சீட்டில் 'ஏ' பார்த்ததும் ஊகிப்பதைவிட மருந்தாளுநரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

எஸ்.ஓ.எஸ். என்பதைச் சிலர் 'அவசரம்' என்று நினைத்து உடனே விழுங்கிவிடுகிறார்கள். 'தேவைப்பட்டால் மட்டும்' என்பதே அதன் பொருள். காய்ச்சல் அடித்தால், வலி தாங்கவில்லை என்றால் போடுவது. இல்லாவிட்டால் டப்பாவிலேயே இருக்கட்டும். உடனடியாகக் கொடு என்பதற்கு ஸ்டாட் என்று எழுதுவார்கள்.

இந்தக் குழப்பத்துக்கெல்லாம் நம் மருந்துக் கடைக்காரர்களிடம் நல்ல தீர்வு ஒன்று புழக்கத்தில் இருக்கிறது: 1-0-1. காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் இது புரியும். சீட்டில் பி.டி. என்று மட்டும் இருந்தால், மாத்திரைக் கவரில் 1-0-1 என்று எழுதித் தரச் சொல்லிக் கேட்கலாம். யாரும் மறுக்கமாட்டார்கள்.

வாரம் ஒன்று, தினம் ஒன்றானால்

ஒரு வேளைக்கும் இரு வேளைக்கும் மாறிப்போனால் பெரும்பாலான மருந்துகளில் பெரிய ஆபத்து வந்துவிடாது. சில மருந்துகளில் அப்படியில்லை.

முடக்குவாதத்துக்கும் சொரியாசிஸ் தோல்நோய்க்கும் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரே ஒரு நாள் போட வேண்டியது. ஞாயிறு என்றால் ஞாயிறு மட்டும். தினமும் போடுவது என்று தவறாகப் புரிந்துகொண்டு விழுங்கினால், சில நாட்களில் வாய் முழுக்கப் புண் வரும், இரத்த அணுக்கள் சரியும், உயிரே போகலாம். உலகம் முழுக்க இந்த ஒரு தவறால் மரணங்கள் நடந்திருக்கின்றன. இதோடு சேர்த்துக் கொடுக்கும் ஃபோலிக் அமிலமும் மஞ்சள் நிறச் சிறு மாத்திரையாகவே இருப்பதுண்டு. பார்வை மங்கிய முதியவர் கையில் இரண்டும் இடம் மாறுவது எளிது. வீட்டில் யாருக்காவது இந்த மருந்து ஓடினால், அட்டையின் மேல் கிழமையைத் தமிழில் பெரிதாக எழுதி வையுங்கள்.

அடுத்தது இன்சுலின். நம் கடைகளில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். மில்லிக்கு 100 யூனிட் உள்ளதும் கிடைக்கிறது. இரண்டுக்கும் சிரிஞ்சு வேறு வேறு: 40-க்கு உரியதில் சிவப்பு மூடி, 100-க்கு உரியதில் ஆரஞ்சு மூடி. நூறு யூனிட் மருந்தை நாற்பது சிரிஞ்சில் ஏற்றினால் உடம்புக்குள் போவது இரண்டரை மடங்கு. குளோர்பைரிபாஸ் 20 ஈ.சி.க்கும் 50 ஈ.சி.க்கும் உள்ள அதே இரண்டரை மடங்கு! வயலில் கருகுவது பயிர்; இங்கே சர்க்கரை திடீரென்று இறங்கி மனிதர் மயங்கி விழுவார். மாற்றி ஏற்றினால் மருந்து போதாமல் சர்க்கரை ஏறும். டப்பாவைத் திருப்பி எண்ணைப் பார்க்கும் அந்தப் பழக்கத்தை அப்படியே இங்கே கொண்டுவந்தால் போதும்.

யூனிட் என்பதற்கு ஆங்கில 'யு' எழுத்தை மட்டும் போடுவதிலும் வம்பு உண்டு. பத்துக்குப் பக்கத்தில் அவசரமாக எழுதிய 'யு' சுழியம்போலத் தெரிந்தால் பத்து நூறாகிவிடும். அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு, பயன்படுத்தவே கூடாத சுருக்கங்கள் என்று 2004-ல் போட்ட பட்டியலில் இந்த 'யு'வும் இருக்கிறது.

ஓ.பி. என்றால் எந்த ஓ.பி.?

ஓ.பி. சீட்டு என்றால் புறநோயாளிச் சீட்டு, எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவசரப் பிரிவில், மருந்து அடித்துவிட்டு மயங்கி வந்தவரின் தாளில் 'ஓ.பி. பாய்சனிங்' என்று எழுதியிருந்தால் அது வேறு. ஆர்கனோ பாஸ்பேட் நஞ்சு என்பதன் சுருக்கம் அது. குளோர்பைரிபாஸ், மோனோகுரோட்டோபாஸ், டைமீத்தோயேட், மாலத்தியான் எல்லாம் இந்தக் குடும்பம். எச்சில் ஒழுகும், வியர்த்துக் கொட்டும், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், நெஞ்சில் சளி கட்டி மூச்சு திணறும். இதற்கு அட்ரோபின் என்ற ஊசியை நெஞ்சுச் சளி வற்றும்வரை திரும்பத் திரும்பப் போடுவார்கள். அப்போது நாக்கு வறண்டு, சிலர் பிதற்றவும் செய்வார்கள். 'ஆளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது' என்று வீட்டார் கலங்குவது இந்தக் கட்டத்தில்தான். மருந்து கூடுதலாக ஏறியதன் விளைவாக அது இருக்கலாம். கண்டதும் செவிலியரிடம் சொன்னால் அளவைச் சரிசெய்வார்கள்.

எல்லாப் பூச்சிக்கொல்லிக்கும், எல்லாக் களைக்கொல்லிக்கும் அட்ரோபின் பலிக்காது. பாராகுவாட் 24 எஸ்.எல். என்று விற்கும் களைக்கொல்லி உள்ளே போனால் அதற்கு மாற்று மருந்தே கிடையாது. 'ஏதோ களை மருந்து' என்று சொல்வதற்கும் டப்பாவையே கையில் கொண்டுபோவதற்கும் உள்ள வித்தியாசம் சிறிதல்ல. சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று முக்கோணத்தில் நஞ்சின் கடுமையைக் காட்டியிருப்பதோடு, மருத்துவருக்கான மாற்று மருந்துக் குறிப்பும் அந்த லேபிளில்தான் இருக்கிறது.

ஓ.டி.யும் இப்படித்தான். மருந்துச் சீட்டில் நாளுக்கு ஒரு வேளை. கண் மருத்துவச் சீட்டில் வலது கண். அவசரப் பிரிவில் அளவுக்கு மீறி விழுங்கியவர். எழுத்து ஒன்று, இடத்தைப் பொறுத்துப் பொருள் மூன்று.

இருபது நிமிடக் காத்திருப்பு

தோவாளையில் பிச்சிப்பூ பறிக்கப் போகிறவர்களும், குலசேகரம் பக்கம் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு ரப்பர் பால் வெட்டுகிறவர்களும் விடியுமுன்னே காலெடுத்து வைப்பவர்கள். பாம்புக்கடி அவர்களுக்குச் செய்தியல்ல. மருத்துவமனைக்கு ஓடி வந்த பிறகு, இரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி அசையாமல் வைத்துவிட்டு மருத்துவர் காத்திருந்தால், 'ஊசி போடாமல் சும்மா நிற்கிறார்களே' என்று உறவினர் சத்தம் போடுவது வழக்கம். தாளில் 20 டபிள்யூ.பி.சி.டி. என்று எழுதியிருப்பது அந்தச் சோதனையைத்தான். இருபது நிமிடம் கழித்துக் குழாயைச் சரித்துப் பார்ப்பார்கள். இரத்தம் உறையாமல் ஓடினால் விரியன் நஞ்சு ஏறியிருக்கிறது, உடனே ஏ.எஸ்.வி., அதாவது பாம்பு நஞ்சு முறிவு மருந்து ஏற்றுவார்கள். நல்ல பாம்பும் கட்டுவிரியனும் நரம்பைத் தாக்குபவை. கண்ணிமை தொங்குகிறதா, பேச்சு குழறுகிறதா என்று அங்கே பார்ப்பது அதற்காக.

குழந்தைக்கும் பெரியவருக்கும் ஏ.எஸ்.வி. அளவு ஒன்றே. கடித்த பாம்பு ஆளைப் பார்த்து நஞ்சைக் குறைப்பதில்லை அல்லவா. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சைக் கொண்டு தயாராவது இந்த மருந்து. மலையோரத் தோட்டங்களில் சருகுக்குள் கிடக்கும் மூக்கு நிமிர்ந்த சிறு குழிவிரியனின் நஞ்சுக்கு இது பலிப்பதில்லை. பாம்பைத் தேடி அடித்து நேரத்தைக் கடத்த வேண்டாம். தூரத்திலிருந்து செல்போனில் ஒரு படம் கிடைத்தால் போதும்.

வார்டில் கட்டில் தலைமாட்டில் என்.பி.ஓ. அல்லது என்.பி.எம். என்று பலகை தொங்கினால் 'வாய் வழியாக எதுவும் கூடாது' என்று பொருள். பாசத்தில் ஒரு மடக்குக் கஞ்சி, காப்பி கொடுத்துவிட்டால், மயக்க மருந்து கொடுக்கும்போது அது நுரையீரலுக்குள் போய் ஆபத்தாகும். கஞ்சித் தூக்குவாளியோடு வரும் பெரியம்மாவுக்கு அந்த மூன்று எழுத்தைச் சொல்லித்தருவது வீட்டாரின் வேலை.

எழுதியதுதான் சாட்சி

பாம்புக்கடி, நஞ்சு, மரத்திலிருந்து விழுந்தது ஆகியவற்றில் சீட்டில் எம்.எல்.சி. என்று முத்திரை விழும். மருத்துவ-சட்ட வழக்கு என்று பொருள். போலீசுக்குத் தகவல் போகும். யார்மீதும் குற்றம் சுமத்தியதாக அதற்கு அர்த்தமில்லை. பயந்து 'அதைப் போடாதீங்க' என்று கெஞ்சுவது பின்னால் குடும்பத்துக்கே நட்டம். ஏ.ஆர். காப்பி எனப்படும் விபத்துப் பதிவேட்டு நகலில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் இழப்பீட்டுக் கோரிக்கை நகரும். 2011-ல் வந்த முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் விபத்து மரணத்துக்கு உதவி கேட்டாலும் மருத்துவமனைத் தாள் பேச வேண்டும்.

அந்தத் தாளை வாசிக்கவே முடியாவிட்டால்? ஒடிசாவில் அது நடந்தது. பாம்பு கடித்து மகனை இழந்த ஒரு தந்தை கருணைத்தொகை கேட்டு உயர் நீதிமன்றம் போனார். பிரேதப் பரிசோதனை அறிக்கையின் கையெழுத்து நீதிபதிக்கே புரியவில்லை; அறிக்கை எழுதிய மருத்துவர் காணொளியில் வந்து விளக்க வேண்டியதாயிற்று. 2024 ஜனவரியில், மருந்துச் சீட்டையும் பிரேதப் பரிசோதனை அறிக்கையையும் பெரிய எழுத்திலோ தட்டச்சிலோ வாசிக்கும்படி எழுத வேண்டும் என்று அந்த நீதிமன்றம் மாநில அரசுக்கு உத்தரவிட்டது. இந்திய மருத்துவக் கவுன்சிலின் ஒழுங்குமுறை விதியும் 2016-லிருந்து அதையே சொல்கிறது: மருந்தின் மூலப்பெயரை, தெளிவாக, கூடுமானவரை பெரிய எழுத்தில் எழுத வேண்டும்.

எல்.ஏ.எம்.ஏ. என்று எழுதிக் கையெழுத்து கேட்டால், 'மருத்துவர் ஆலோசனையை மீறி வெளியேறுகிறோம்' என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டபிறகு கையெழுத்துப் போடுவது நல்லது.

இரத்தத்திலும் யூரியா

பயமுறுத்தும் சொற்களில் பாதி நல்ல செய்திதான். 'நெகட்டிவ்' என்றால் தேடிய நோய் அதில் தென்படவில்லை. என்.ஏ.டி. என்றால் குறை ஏதும் காணப்படவில்லை. 'யூரியா கூடியிருக்கு' என்றதும் வயலுக்குப் போட்ட உரம் கையில் பட்டு ஏறிவிட்டதோ என்று கேட்பவர்கள் உண்டு. சிரிக்க வேண்டாம், பொருள் ஒன்றேதான். மூட்டையில் 46 சதவிகிதத் தழைச்சத்தோடு வரும் அதே யூரியாவை நம் கல்லீரலும் செய்கிறது, பருப்பும் மீனும் செரித்த கழிவிலிருந்து. சிறுநீரகம் அதை வெளியே தள்ளுகிறது. இரத்தத்தில் அது கூடினால் சிறுநீரகம் தளர்ந்திருக்கலாம். வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை பார்த்தாலும் கூடும். கிரியேட்டினின் அளவையும் சேர்த்துப் பார்த்தே மருத்துவர் முடிவு சொல்வார்.

இந்தச் சொற்களைத் தமிழில் சொல்ல முடியாதா என்ற கேள்விக்கு நாகர்கோவிலிலேயே பழைய விடை ஒன்று இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து 1847-ல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். மாணவர்களோடு சேர்ந்து 'இரணவைத்தியம்' போன்ற பெரிய நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். அந்த வரிசையில் வந்த வேதியியல் நூலான 'கெமிஸ்தம்' 1875-ல் அச்சானது நாகர்கோவில் லண்டன் மிஷன் அச்சகத்தில். இருக்கிற தமிழ்ச் சொல்லை முதலில் தேடுவது, கிடைக்காவிட்டால் மட்டும் வெளிச்சொல்லை எடுப்பது என்பது அவர் வழி.

இன்றைக்கு அதற்கெல்லாம் நூல் எழுத வேண்டியதில்லை. கவுண்டரில் நின்று மூன்றைக் கேட்டால் போதும்: இது எதற்கு, எந்த வேளைக்கு, எத்தனை நாளைக்கு? பதிலை வீட்டுப் பிள்ளை கவர்மேல் தமிழில் எழுதிவிடட்டும். வீடு வந்தபிறகு சந்தேகம் வந்தால் 104-க்கு அழைக்கலாம். மூச்சு திணறினால், நஞ்சு உள்ளே போயிருந்தால், பாம்பு கடித்திருந்தால் நேரே 108.