மலையேறும் பிக்கப்புக்கு இரண்டு டர்போ தேவையா? 'காம்பவுண்ட்' அமைப்பு இயங்கும் விதமும் சட்டச் சிக்கலும்

வண்டிப்பெரியார்: கொல்லம் - தேனி தேசிய நெடுஞ்சாலை 183, முண்டக்கயத்தைக் கடந்ததும் மலையேறத் தொடங்குகிறது. குட்டிக்கானத்தை எட்டும்போது கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரம் வந்துவிடுகிறது. அங்கிருந்து பீர்மேடு, பாம்பனார் வழியாக வண்டிப்பெரியாரும், அதற்கப்பால் குமுளியும் வருகின்றன. குமுளியிலிருந்து மறுபுறம் இறங்கினால் தமிழகத்தின் கூடலூர், கம்பம் பகுதிகள். தேயிலையும் ஏலக்காயும் மலையிறங்குவதும், காய்கறியும் அரிசியும் சிமென்ட் மூட்டைகளும் மலையேறுவதும் இந்தச் சாலையில்தான். இந்தப் போக்குவரத்தில் டீசல் பிக்கப் வண்டிகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

ஏற்றத்தில் வண்டியின் இழுவை போதவில்லை என்று தோன்றும்போது, என்ஜினில் கூடுதலாக ஒரு டர்போவைப் பொருத்தினால் என்ன என்ற கேள்வி எழுவது இயல்பு. வெளிநாட்டுப் பிக்கப் வண்டிகளில் இரண்டு டர்போக்களை ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கும் 'காம்பவுண்ட் டர்போ' முறை பிரபலமாக இருப்பதும் இந்த ஆவலைத் தூண்டுகிறது. ஆனால், அந்த அமைப்பு தீர்க்கும் சிக்கல் வேறு, மலைச்சாலை ஓட்டுநர் சந்திக்கும் சிக்கல் வேறு.

டீசல் என்ஜினின் திறன், உள்ளே செல்லும் காற்றின் அளவைப் பொறுத்தது. காற்று கூடினால்தான் கூடுதல் எரிபொருளை முழுமையாக எரிக்க முடியும். வெளியேறும் புகையின் வேகத்தைக் கொண்டு ஒரு டர்பைனைச் சுழற்றி, அதே தண்டில் உள்ள கம்ப்ரசரால் காற்றை அழுத்தி என்ஜினுக்குள் செலுத்தும் கருவியே டர்போ. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஹி 1905-ம் ஆண்டிலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார்.

டர்போவுக்கும் மலைக்கும் பழைய தொடர்பு உண்டு. முதல் உலகப் போர்க் காலத்தில், உயரே செல்லச் செல்ல விமான என்ஜின்கள் திறன் இழப்பதற்குத் தீர்வு தேடிய அமெரிக்கப் பொறியாளர் சான்ஃபோர்டு மாஸ், 1918-ல் ஒரு விமான என்ஜினைக் கொலராடோவில் உள்ள பைக்ஸ் பீக் மலையுச்சிக்கே ஏற்றிச் சென்றார். சுமார் 4,300 மீட்டர் உயரத்தில், மெல்லிய காற்றில் இழந்த திறனை டர்போ மீட்டுத் தந்தது. வண்டிப்பெரியாரின் உயரம் அதில் கால் பங்குகூட இல்லை. இங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ 10 சதவீதமே குறைவு. டர்போ உள்ள நவீன டீசல் வண்டி இந்தக் குறைவைப் பெரும்பாலும் தானாகவே ஈடுசெய்துவிடும்.

பள்ளி அறிவியல் பாடத்தில் வரும் தொடரிணைப்பையும் பக்க இணைப்பையும் இங்கே நினைவுகூரலாம். இரண்டு டர்போக்கள் தனித்தனியே காற்றை அழுத்தி ஒரே என்ஜினுக்கு அனுப்பினால் அது பக்க இணைப்பு. காம்பவுண்ட் என்பது தொடரிணைப்பு. பெரிய டர்போ வெளிக்காற்றை முதலில் அழுத்துகிறது. அந்தக் காற்றைச் சிறிய டர்போ மீண்டும் அழுத்தி என்ஜினுக்குள் அனுப்புகிறது. புகையின் பாதை இதற்கு நேர்மாறானது. என்ஜினைவிட்டு வெளியேறும் புகை முதலில் சிறிய டர்பைனையும் பிறகு பெரிய டர்பைனையும் சுழற்றுகிறது.

இதில் அழுத்தங்கள் கூடுவதில்லை, பெருகுகின்றன. பெரிய டர்போ காற்றழுத்தத்தை 2 மடங்காக்கி, சிறியது அதை மேலும் 2 மடங்காக்கினால், கிடைப்பது 4 மடங்கு. ஒற்றை டர்போ இந்த 4 மடங்கை எட்ட முயன்றால், அதன் சுழற்சி வேகமும் வெப்பமும் எல்லை மீறும். தொடரிணைப்பில் இரண்டுமே தத்தம் சுகமான எல்லைக்குள் இயங்குகின்றன. சிறியது விரைவில் சுழலத் தொடங்குவதால் குறைந்த வேகத்திலும், பெரியது பின்னர் சேர்ந்துகொள்வதால் அதிக வேகத்திலும் காற்று கிடைக்கிறது.

வாகன நிறுவனங்களே இந்தத் தத்துவத்தை ஒட்டிய அமைப்புகளைத் தயாரித்துள்ளன. பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 2004-ல் தனது 535டி காரில் இரண்டு கட்ட டர்போவை அறிமுகப்படுத்தியது. ஃபோர்டு நிறுவனத்தின் 6.4 லிட்டர் டீசல் பிக்கப் வண்டிகளிலும், பின்னர் வந்த ஃபோக்ஸ்வேகன் அமரோக், ஃபோர்டு ரேஞ்சர் ராப்டர் ஆகியவற்றிலும் இரட்டை டர்போ உண்டு. அவற்றில் பிஸ்டன் முதல் மென்பொருள் வரை அனைத்தும் அந்த அழுத்தத்துக்கென்றே வடிவமைக்கப்பட்டவை. பட்டறையில் செய்யப்படும் மாற்றத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்குதான் தொடங்குகிறது.

பட்டறைப் பணியின் முதல் சிக்கல் இடம். பிக்கப் வண்டியின் பானெட்டுக்குள் இரண்டாவது டர்போவையும், சிறிய டர்பைனிலிருந்து பெரிய டர்பைனுக்குப் புகையைக் கொண்டுசெல்லும் குழாயையும், வயர்களும் பிரேக் குழாய்களும் கருகாதபடி வெப்பத் தடுப்புத் தகடுகளையும் அடக்கியாக வேண்டும். அடுத்தது எண்ணெய். டர்போவின் பேரிங்குகளுக்கு அழுத்தத்துடன் செல்லும் என்ஜின் ஆயில், திரும்பும்போது புவியீர்ப்பால் மட்டுமே ஆயில் சம்ப்புக்கு வடிகிறது. அந்த வடிகுழாய் எங்கேனும் தொய்ந்து வளைந்தாலோ, சம்ப்பின் எண்ணெய் மட்டத்துக்குக் கீழே இணைக்கப்பட்டாலோ, ஆயில் தேங்கி சீல்களைக் கடந்து கசியும். வெள்ளையும் நீலமும் கலந்த புகை வருவதற்கு இந்தச் சிறு குழாயே காரணமாகிவிடக்கூடும்.

மூன்றாவது வெப்பம். 25 பாகை செல்சியஸில் உள்ள காற்றை 2 மடங்கு அழுத்தினாலே அது ஏறத்தாழ 120 பாகையை எட்டும். மறுபடியும் அழுத்தினால் அதற்கும் மேலே போகும். சூடான காற்று விரிவடைவதால் பயன் குறைகிறது. எனவே பெரிய இன்டர்கூலர் தேவைப்படும். எரிபொருளைக் கூட்டும்போது புகையின் வெப்பமும் ஏறும். அது 700 பாகை செல்சியஸைத் தாண்டி நீடித்தால் அலுமினிய பிஸ்டன்களுக்கு ஆபத்து என்பது டீசல் மெக்கானிக்குகள் பின்பற்றும் பொதுக் கணக்கு. சமவெளியில் சில நொடிகள் மட்டும் முழு ஆக்சிலேட்டர் மிதிக்கப்படும். மலையேற்றத்திலோ அது பல நிமிடங்கள் நீளும்.

இத்தனைக்கும் பிறகு, காற்றை மட்டும் கூட்டினால் திறன் கூடிவிடாது. இன்ஜெக்டர், எரிபொருள் பம்ப், அழுத்த சென்சார், என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி என ஒவ்வொன்றாக மாற்ற வேண்டியிருக்கும். அதன் பின் கிளட்ச், கியர்பாக்ஸ், பின் ஆக்சில் ஆகியவற்றின் முறை வரும். ஒரு டர்போவின் விலையைக் கேட்டுத் தொடங்கும் வேலை அத்துடன் முடிவதில்லை.

மலைச்சாலையின் தேவையைக் கணக்கிட்டால் நிலைமை தெளிவாகும். சுமையுடன் 3 டன் எடையுள்ள வண்டி, 8 சதவீதச் சரிவில் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் ஏறுவதற்குச் சக்கரத்தில் ஏறத்தாழ 30 குதிரைத்திறன் போதும். பரவலாகப் பயன்பாட்டில் உள்ள மஹிந்திரா பொலிரோ பிக்கப்பின் 2.5 லிட்டர் என்ஜின் சுமார் 75 குதிரைத்திறன் தரக்கூடியது. கொண்டை ஊசி வளைவுகளில் 30 கி.மீ. வேகமே அதிகம். ஆகவே அனுமதிக்கப்பட்ட சுமையுடன் செல்லும் வண்டிக்குத் திறன் பற்றாக்குறை என்பது அரிது. பற்றாக்குறை தோன்றினால், சுமை வரம்பு மீறியிருக்கலாம், அல்லது வளைவில் திரும்பி வெளிவரும்போது என்ஜின் சுழற்சி குறைந்து டர்போ வேலை செய்யாத நிலைக்குச் சென்றிருக்கலாம். இரண்டாவது சிக்கலுக்கு ஒரு கியர் குறைப்பதே மருந்து. ஏற்கெனவே உள்ள டர்போவுடன் பெரியதொன்றைச் சேர்ப்பதால் கிடைக்கும் பலன் பெரும்பாலும் அதிகச் சுழற்சியில்தான் தெரியும். வளைவில் அது உதவாது.

ஏறுவதைவிட இறங்குவதே ஆபத்தானது. குட்டிக்கானத்திலிருந்து முண்டக்கயம் வரை 3 டன் வண்டி இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 8 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். காற்றுத் தடையும் என்ஜினும் ஏற்பது போக, மீதி முழுவதும் பிரேக்கில் வெப்பமாக மாறுகிறது. கடந்த 2025-ம் ஆண்டு ஜனவரி 6-ம் தேதி இதே மலைப்பாதையில் புல்லுப்பாறை அருகே, தஞ்சாவூர் சென்று திரும்பிக்கொண்டிருந்த கேரள அரசுப் போக்குவரத்துக் கழகப் பேருந்து பள்ளத்தில் கவிழ்ந்து 4 பேர் உயிரிழந்தனர். பிரேக் செயலிழந்திருக்கலாம் என்று அப்போது முதற்கட்டமாகக் கூறப்பட்டது. கூடுதல் டர்போ, அதிகச் சுமையை மேலே ஏற்ற உதவலாம். அதே சுமையுடன் கீழே வரும்போது பிரேக்குகள் பழைய பிரேக்குகளாகவே இருக்கும்.

சட்டமும் இதற்கு இடம் தரவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் நிர்ணயித்ததிலிருந்து வேறுபடும் வகையில் வாகனத்தை மாற்றியமைக்கக் கூடாது. கேரளாவிலிருந்து சென்ற வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதிசெய்து, உயர் நீதிமன்றத்தின் மாறுபட்ட தீர்ப்பை ரத்து செய்தது குறிப்பிடத்தக்கது. அதே ஆண்டு திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 182ஏ பிரிவு, விதிகளுக்குப் புறம்பாக வாகனத்தை மாற்றும் உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்க வழிசெய்கிறது. 2020 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள பி.எஸ்.-6 விதிகளின்கீழ் வந்த வண்டிகளில் புகை வடிகட்டியை அகற்றினால் சிக்கல் இன்னும் பெருகும்.

அபராதத்தைவிடப் பெரிய இழப்பு காப்பீட்டில் நேரலாம். தெரிவிக்காமல் செய்த மாற்றத்தைக் காரணம் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்க முற்பட்டால், கடன் தவணையில் வாங்கிய வண்டியின் முழுச் சுமையும் உரிமையாளர் தலையில் விழும். ஒற்றை வண்டியை நம்பிப் பிழைக்கும் குடும்பத்துக்கு அது தாங்கக்கூடியது அல்ல.

இழுவை உண்மையிலேயே குறைந்திருந்தால் முதலில் பார்க்க வேண்டியவை வேறு. தூசி அடைத்த ஏர் ஃபில்டர், டர்போவுக்கும் இன்டர்கூலருக்கும் இடையே விரிசல் விட்ட ரப்பர் ஹோஸ், தளர்ந்த கிளிப், அடைபட்ட டீசல் ஃபில்டர், தேய்ந்த கிளட்ச் ஆகியவையே பெரும்பாலும் காரணமாக இருக்கும். ஏற்றத்தில் 'உஸ்' என்ற சத்தத்துடன் கரும்புகை வந்தால் ஹோஸில் காற்று கசிகிறது என்று ஊகிக்கலாம். நீண்ட ஏற்றத்தை முடித்து நிறுத்தும்போது என்ஜினை உடனே அணைக்காமல் ஒரு நிமிடம் ஐடிலில் ஓடவிட்டால், இருக்கும் ஒற்றை டர்போவின் பேரிங்குகளில் ஆயில் கருகிப் படிவது தவிர்க்கப்படும்.