ஓவியனைக் கண்ட ஓவியன்

பாம்பின் கால் பாம்பறியும் என்பர். ஓர் ஓவியனின் திறத்தை அளந்தறிவதற்கு இன்னோர் ஓவியனே வல்லவன். நாம் முடிந்த படத்தை மட்டுமே காண்கின்றோம். உடன்தொழில் செய்வோனோ அது பிறந்த வழியையும் காண்கின்றான். இதற்கு இங்கிலாந்தில் நிகழ்ந்த ஒன்றைச் சான்றாகக் கூறலாம்.

2002 ஆம் ஆண்டிலே டேவிட் ஹொக்னி என்னும் புகழ்வாய்ந்த ஓவியர், இலண்டனில் லூசியன் புரொய்டின் ஓவியக்கூடத்துக்குப் பல வாரங்களாகக் காலை வேளைகளிற் சென்று, தம்மை வரையும்பொருட்டு அமர்ந்திருந்தார். உளவியலறிஞர் சிக்மண்ட் புரொய்டின் பேரரான லூசியன், 1922 இல் பேர்லினிற் பிறந்து 1933 இல் இங்கிலாந்து சேர்ந்தவர். 2011 இற் காலமானார். ஹொக்னி அமர்ந்திருந்த நேரம் நூறு மணித்தியாலங்களுக்கும் மேல். உருவான எண்ணெய்வண்ணப் படமோ ஏறக்குறைய 16 அங்குல உயரமும் 12 அங்குல அகலமுமே உடையது! பின்னர் ஹொக்னி தம்மை வரைவதற்காக லூசியன் அமர்ந்ததோ சில மணித்தியாலங்களே.

விரைந்து வரையவல்ல ஹொக்னி இத்தாமதத்தைக் குறைகூறினாரோவெனில், இல்லை. அதனையே அவர் வியந்து பேசினார். தாம் அமர்ந்திருந்த அத்தனை நேரமும் அப்படத்தில் அடுக்கடுக்காகப் படிந்துள்ளது என்பது அவர் கருத்து. பேசும் முகம் கணந்தோறும் மாறுகின்றது. நிழற்படக் கருவி அவற்றுள் ஒரு கணத்தையே பற்றுகின்றது. ஓவியனின் கண்ணோ பல நாட் பார்வைகளை ஒரு முகத்திற் சேர்த்து வைக்கின்றது.

இப்பாராட்டில் நாம் கருதற்பாலது இன்னொன்றும் உண்டு. நிழற்படத்திற் காலம் இல்லையே என்னும் குறை ஹொக்னியை நெடுங்காலமாக உறுத்தியது. 1982 இல் அவர் பல நிழற்படங்களை ஒட்டிச் சேர்த்து ஒரே காட்சியாக அமைத்ததும் அக்குறையை நீக்கவே. தாம் தேடிய பொருளை லூசியனின் தூரிகையிற் கண்டார், கண்டதனாற் போற்றினார். ஆகவே, ஓவியன் பிறன் படைப்பைப் பற்றிப் பேசுங்கால் தன் தேட்டத்தையும் உடன் வெளியிடுகின்றான். அவன் தீர்ப்பு நடுநிலையானதென்று சொல்வதற்கில்லை. ஆயினும் உழைத்தறிந்தவன் சொல்லாதலின் அதற்குத் தனிமதிப்புண்டு.

கைப்பேசியால் நாளொன்றுக்கு நூறு படம் பிடிக்கும் காலம் இது. ஓவியம் பயிலும் நம் மாணவர், தாயின் முகத்தையோ முற்றத்து மரத்தையோ ஒரு மணித்தியாலம் இமையாது நோக்கி வரைந்து பார்ப்பாராக. கோடுகள் கோணலாகலாம். எனினும், நாள்தோறும் கண்டும் காணாதிருந்தவை எத்தனை என்பது அப்பொழுது புலனாகும்.