கதையின் முடிவும் இரசிகர் உள்ளமும்

கதை சொல்பவருக்கும் கதை கேட்பவருக்கும் இடையே எழுதப்படாத உடன்படிக்கை ஒன்று உண்டு. கேட்பவர் தமது காலத்தையும் கவனத்தையும் கொடுக்கிறார். சொல்பவர் அதற்கு ஈடாக, கேட்டவர் மனம் ஏற்கத்தக்க ஒரு முடிவைக் கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறார். ஓரிரவில் முடியும் கதையாயின், முடிவு பிடிக்காவிட்டாலும் கேட்டவருக்குப் பெரிய நட்டம் இல்லை. எட்டு ஆண்டுகள் நீடித்த கதையாயின் என்ன நேரும்? இக்கேள்விக்கு விடை கூறுவது போல அமைந்தது, 2019ஆம் ஆண்டு மே மாதம் 19ஆந் திகதி அமெரிக்காவில் ஒளிபரப்பான ஒரு தொலைக்காட்சித் தொடரின் இறுதிப் பாகம்.

அத்தொடரின் பெயர் ‘கேம் ஒவ் துரோன்ஸ்’. அரியணைகளுக்கான ஆட்டம் என்பது அதன் பொருள். அமெரிக்க எழுத்தாளர் ஜோர்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் எழுதிய நாவல் வரிசையைத் தழுவி, டேவிட் பெனியொஃப், டி. பி. வைஸ் என்னும் இருவர் இதனை எச்.பி.ஓ. நிறுவனத்துக்காக உருவாக்கினர். 2011ஆம் ஆண்டு ஏப்ரில் 17ஆந் திகதி தொடங்கிய இத்தொடர், எட்டுப் பருவங்களில் 73 பாகங்களாக வளர்ந்தது. வெஸ்டரோஸ் என்னும் கற்பனை நாட்டில், இரும்பு அரியணை ஒன்றுக்காகப் பல குலங்கள் போரிடுகின்றன. வடக்கே உயர்ந்த பனிச்சுவருக்கு அப்பால், இறந்தவர்களின் படை ஒன்று திரண்டு வருகிறது. கடலுக்கு அப்பால், நாடிழந்த அரசகுமாரி டெனேரிஸ் மூன்று பறவை நாகங்களை வளர்க்கிறாள். வட அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரிலும், குரோவேசியாவின் டுப்ரோவ்னிக் கோட்டை நகரிலும், வேறு பல நாடுகளிலும் இக்கதை படமாக்கப்பட்டது.

மாயக் கதைகளில் நல்லவர் வெல்வர், தீயவர் வீழ்வர் என்பது பலரது எதிர்பார்ப்பு. இத்தொடரோ முதற் பருவத்திலேயே, கதாநாயகன் என்று எல்லோரும் எண்ணியிருந்த நேர்மையாளனின் தலையைக் கொய்தது. ஒருவன் செய்த பிழைக்கு அவனே விலை கொடுத்தாக வேண்டும், கதைக்கு வேண்டியவன் என்பதற்காக எவனும் காப்பாற்றப்படமாட்டான் என்பதே இக்கதையுலகின் சட்டம் என்று இரசிகர் அறிந்துகொண்டனர். அதனால் ஒவ்வொரு சொல்லையும் கவனித்தனர். சிறு குறிப்புகளைக் கோத்து, இனி என்ன நடக்கும் என்று அனுமானித்தனர். ஒரு பாகத்துக்கும் அடுத்த பாகத்துக்கும் இடையில் இருந்த ஒரு வாரம் விவாதத்துக்குரிய காலமாயிற்று. அமெரிக்காவில் பெற்றோர் பலர், டெனேரிஸின் பட்டப் பெயராகிய ‘கலீசி’ என்பதைத் தம் பெண் குழந்தைகளுக்குச் சூட்டினர். கற்பனைப் பாத்திரம் ஒன்று இங்ஙனம் வாழும் மனிதரின் வீட்டுக்குள் புகுந்துவிட்டது.

பின்னர் எழுந்த மனக்கசப்பின் வேரைக் காண, மூலநூலின் வரலாற்றைச் சிறிது நோக்க வேண்டும். மார்ட்டினின் முதல் நாவல் 1996இலும் ஐந்தாவது நாவல் 2011இலும் வெளியாயின. ஆறாவது நூலை அவர் எழுதிக்கொண்டிருக்கையிலேயே, தொலைக்காட்சித் தொடர் நூல்களைத் தாண்டிச் சென்றுவிட்டது. கதையின் முக்கியமான சில முடிவுகளை அவர் தயாரிப்பாளர்களுக்குச் சொல்லியிருந்தார். எனினும், சென்றடைய வேண்டிய ஊரின் பெயர் தெரிவது ஒன்று. அவ்வூருக்குப் போகும் வழியை அமைப்பது வேறொன்று. முதல் ஆறு பருவங்களும் பருவத்துக்குப் பத்துப் பாகங்களாக நடந்தன. ஏழாம் பருவம் ஏழு பாகங்களாகவும், எட்டாம் பருவம் ஆறு பாகங்களாகவும் சுருங்கின. முன்னர் ஒரு பாத்திரம் நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குச் செல்லப் பல பாகங்கள் வேண்டியிருந்தன. இப்பொழுதோ அத்தகைய பயணங்கள் ஒரே பாகத்துள் முடிந்தன. ஏழாம் பருவம் 2017 ஓகஸ்டில் முடிந்து, எட்டாம் பருவம் 2019 ஏப்ரிலிலேயே தொடங்கியது. இடையில் ஏறக்குறைய இருபது மாதங்கள் காத்திருந்தவர்களின் ஆவல் எல்லை கடந்திருந்தது.

இறுதிக்கு முந்திய பாகம் மே 12ஆந் திகதி ஒளிபரப்பாயிற்று. தலைநகர் சரணடைந்ததை அறிவிக்கும் மணிகள் ஒலித்த பின்னரும், டெனேரிஸ் தன் நாகத்தின் நெருப்பால் நகரையும் குடிமக்களையும் எரித்தாள். அடிமைகளின் விலங்கை அறுத்தவள் என்று போற்றப்பட்டவள் குழந்தைகளைக் கொன்றவளானாள். இறுதிப் பாகத்தில், அவளை நேசித்த ஜோன் சினோவே அவளைக் குத்திக் கொன்றான். நாகம் இரும்பு அரியணையை உருக்கி அழித்து, அவளது உடலைத் தூக்கிச் சென்றது. பின்னர் கூடிய பிரபுக்கள், நடக்க இயலாதவனும் கடந்த காலம் அனைத்தையும் காண வல்லவனுமாகிய பிரானை அரசனாகத் தேர்ந்தனர். சான்சா வடநாட்டின் அரசியானாள். ஆர்யா மேற்குக் கடலை நோக்கிப் புறப்பட்டாள். ஜோன் பனிச்சுவருக்கு அனுப்பப்பட்டான்.

அன்றிரவு இப்பாகத்தை அமெரிக்காவில் 1 கோடியே 93 இலட்சம் பேர் பார்த்தனர். அந்நிறுவனத்தின் வரலாற்றில் அதற்கு முன் காணப்படாத தொகை அது. பிரித்தானியாவில் நள்ளிரவு கடந்து இரண்டு மணிக்கு விழித்திருந்து பார்த்தவர்களும் உண்டு. பார்த்து முடித்தவர்களின் உணர்ச்சியோ இரண்டாகப் பிளந்தது. சிலர் கண்ணீருடன் விடைகொடுத்தனர். வேறு பலர் சினங்கொண்டனர்.

சினத்தின் காரணங்களை மூன்றாகப் பகுக்கலாம். முதலாவது, வேகம். டெனேரிஸ் கொடியவளாக மாறியதை இரசிகர் எல்லோரும் மறுக்கவில்லை. அவளது தந்தை நகரையே எரிக்க முனைந்த பித்தன் என்பதும், பகைவரை எரிக்க அவள் தயங்குவதில்லை என்பதும் முன்னரே காட்டப்பட்டவை. ஆனால் வித்து முளைத்து மரமாவதற்குரிய காலம் கொடுக்கப்படவில்லை என்பதே அவர்களது குறை. இரண்டாவது, தேர்வு. மக்களை ஒன்றுசேர்ப்பது கதையே என்றும், பிரானின் கதைக்கு நிகரான கதை இல்லை என்றும் டிரியன் என்னும் பாத்திரம் வாதிடுகிறது. அந்தப் பிரான் ஐந்தாம் பருவம் முழுவதிலும் ஒரு காட்சியில்கூடத் தோன்றவில்லை என்பதை இரசிகர் மறக்கவில்லை. மூன்றாவது, கைவிடப்பட்ட முடிச்சுகள். ஜோன் அரச குலத்தவன் என்னும் இரகசியம் பல ஆண்டுகளாக வளர்க்கப்பட்டது. இறுதியில், யார் அரசாள்வது என்னும் கேள்வியில் அதற்கு எவ்விதப் பயனும் இருக்கவில்லை.

இவற்றோடு சிறு கவனக்குறைவுகளும் சேர்ந்துகொண்டன. நான்காம் பாகத்தின் விருந்துக் காட்சியில், டெனேரிஸின் முன்னே இக்காலத்துக் கோப்பிக் கடைக் குவளை ஒன்று காணப்பட்டது. இறுதிப் பாகத்தில் ஒருவரின் காலடியில் பிளாஸ்டிக் தண்ணீர்ப் போத்தல் தெரிந்தது. மனம் நிறைந்திருந்தால் இவை சிரிப்புக்குரியவையாகவே கழிந்திருக்கும். நம்பிக்கை குன்றிய வேளையிலோ, அவசரத்தின் சாட்சிகளாகக் கொள்ளப்பட்டன.

எட்டாம் பருவத்தைத் தகுதி வாய்ந்த எழுத்தாளரைக் கொண்டு மீண்டும் தயாரிக்க வேண்டும் என்று கோரும் விண்ணப்பம் ஒன்று இணையத்தில் எழுந்தது. இறுதிப் பாகம் ஒளிபரப்பாகுமுன்னரே அதில் ஒப்பமிட்டோர் தொகை பத்து இலட்சத்தைக் கடந்தது. பின்னர் பதினெட்டு இலட்சத்தையும் தாண்டியது. நிறுவனம் அக்கோரிக்கையை ஏற்கவில்லை. தொடர் மீண்டும் எடுக்கப்படும் என்று தாம் எதிர்பார்க்கவில்லை என, விண்ணப்பத்தைத் தொடக்கியவரே கூறினார். ஏமாற்றத்தைப் பதிவுசெய்வதே அவரது நோக்கமாக இருந்தது.

மறுபக்கத்தையும் நோக்குதல் நீதியாகும். எட்டாம் பருவத்தின் பெரும் போர்க் காட்சிக்காக, நடிகரும் தொழிலாளரும் வட அயர்லாந்தின் குளிரில் 55 இரவுகள் உழைத்தனர். எழுத்தில் காணப்படும் குறைக்கு, உடை தைத்தவரோ ஒளியமைத்தவரோ பொறுப்பாளி அல்லர். சான்சாவாக நடித்த சோபி டேர்னர், இத்தகைய விண்ணப்பம் பத்தாண்டு உழைத்தவர்களை அவமதிப்பதாகும் என்று கருத்துத் தெரிவித்தார். அதே ஆண்டு செப்டெம்பரில், தலைசிறந்த நாடகத் தொடருக்கான எம்மி விருது இத்தொடருக்கே கிடைத்தது. எனவே, தொழில் அறிந்தவரின் மதிப்பும் பார்த்தவரின் மனநிறைவும் எப்பொழுதும் ஒருங்கே செல்வதில்லை என்பது தெளிவு.

இத்தகைய பூசல் தொலைக்காட்சியோடு பிறந்ததும் அன்று. 1893ஆம் ஆண்டில் ஆர்தர் கொனன் டொயில், தமது துப்பறிவாளர் ஷெர்லொக் ஹோம்ஸை அருவியில் வீழ்த்திக் கதையை முடித்தார். ‘ஸ்ட்ராண்ட்’ சஞ்சிகையின் வாசகர் பலர் சினந்து சந்தாவை நிறுத்தினர் என்பர். பத்தாண்டுகளின் பின்னர், 1903இல் ஹோம்ஸ் உயிருடன் திரும்பி வர வேண்டியதாயிற்று. அதற்கும் முன்னர், 1861இல் சார்ள்ஸ் டிக்கன்ஸ், ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ நாவலின் துயரமான முடிவை, நண்பர் புல்வர் லிட்டனின் ஆலோசனைப்படி அச்சேறுமுன் மாற்றினார். எந்த முடிவு சிறந்தது என்னும் வாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை.

அங்ஙனமாயின், கதை யாருக்குச் சொந்தம்? பெரும்பான்மையோர் கேட்டபடி முடிவை எழுதுவது எழுத்தாளரின் கடமையாயின், எதிர்பாராத எதனையும் எவரும் எழுத இயலாது. முதற் பருவத்தில் அந்த நேர்மையாளனைக் காப்பாற்றுமாறு வாக்கெடுத்திருந்தால், இத்தொடர் புகழே பெற்றிராது. ஆகவே முடிவைக் கட்டளையிடும் உரிமை இரசிகருக்கு இல்லை. ஆனால் கதை தானே விதித்த சட்டத்தைத் தானே காத்ததா என்று கேட்கும் உரிமை அவருக்கு நிச்சயமாக உண்டு. செயலுக்குரிய விலை, பயணத்துக்குரிய காலம், மாற்றத்துக்குரிய காரணம் ஆகியவற்றை எதிர்பார்க்கும்படி அவர்களைப் பழக்கியது அத்தொடரே. கற்றுக்கொடுத்த அளவுகோலாலேயே மாணவர் ஆசிரியரை அளந்தால், அதனை அடாத செயல் என்று கூற முடியாது.

முடிவுக்கு இத்துணை முக்கியத்துவம் ஏன் என்பதும் இதனாலேயே விளங்கும். முடிவு, கதையின் கடைசிப் பகுதி மட்டுமாக நின்றுவிடுவதில்லை. பின்னோக்கிப் பாய்ந்து முன்னைய பகுதிகள் அனைத்துக்கும் அது நிறம் கொடுக்கிறது. நல்ல முடிவு தெரிந்த பின், பழைய காட்சியை மீண்டும் பார்க்கையில் அதன் பொருள் ஆழமாகிறது. பொருந்தாத முடிவு தெரிந்த பின், தாம் இரசித்த காட்சிகளே வீணாயினவோ என்னும் ஐயம் எழுகிறது. எட்டாண்டு இரசிகர்கள் கோபித்தது ஒரு மணி இருபது நிமிட நேரத்துக்காக என்று எண்ணுவோர் இதனைக் கவனிப்பதில்லை.

அக்கோபத்தின் அடியில் அன்பு இருந்தமைக்கும் சான்று உண்டு. டெனேரிஸாக நடித்த எமிலியா கிளார்க், தொடரின் தொடக்க ஆண்டுகளில் இருமுறை மூளையில் குருதிக்கசிவு ஏற்பட்டு உயிர் தப்பியவர். அதனை அவர் 2019 மார்ச்சில் வெளியிட்டதோடு, மூளைக் காயத்திலிருந்து மீள்வோருக்கு உதவும் தொண்டு நிறுவனம் ஒன்றையும் அறிமுகப்படுத்தினார். முடிவினால் ஏமாற்றமடைந்த இரசிகர்களிற் சிலர் ஒன்றுகூடி, அந்நிறுவனத்துக்குப் பல்லாயிரம் பவுண் திரட்டிக் கொடுத்தனர். பாத்திரத்துக்கு நீதி கிடைக்கவில்லை என்று வருந்தியவர்கள், அப்பாத்திரத்துக்கு உயிர் கொடுத்தவருக்கு நன்றி செலுத்த இவ்வழியைக் கண்டனர். 2022 ஓகஸ்டில் அதே கதையுலகின் முற்காலத்தைக் கூறும் வேறொரு தொடர் தொடங்கியபோது, முதல் இரவிலேயே அமெரிக்காவில் ஒரு கோடிக்கு அண்மித்த தொகையினர் அதனைப் பார்த்தனர். இனி இக்கதையைத் தொடுவதில்லை என்று சூளுரைத்தவர்களும் அவர்களுள் இருந்திருக்கக்கூடும். முடிவைப் பற்றிப் பூசலிட்டுப் பிரிந்தாலும், கதை சொல்லும் குரல் மீண்டும் கேட்கும்போது வந்து அமர்வது மனித இயல்பு.