அவிழ்ந்து ஓடும் நாயும் அண்டை வீட்டாரும்

வெளியூரில் குடித்தனம் செய்யும் நமக்குத் தொல்லைகள் பல. தண்ணீர், வாடகை, பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுப்பது என்று எல்லாவற்றைப் பற்றியும் இந்தப் பக்கங்களில் அன்பர்கள் எழுதிவிட்டார்கள். நாயைப் பற்றி யாரும் எழுதியதாக எனக்கு நினைவில்லை. தெருநாயைச் சொல்லவில்லை. அதைப் பற்றி 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே உத்தரவுகள் போட்டு, தில்லியில் பேசாத வாயில்லை என்றாகிவிட்டது. நான் சொல்ல வந்தது வளர்ப்பு நாயை. அதிலும், நம்மோடு சுமுகமாக இல்லாத ஒரு வீட்டுக்காரரின் நாய் அவிழ்த்துக்கொண்டு வெளியே ஓடிவிட்டால் நாம் உதவப் போக வேண்டுமா, கதவைச் சாத்திக்கொண்டு இருந்துவிட வேண்டுமா என்ற கேள்வியை.

நாங்கள் யமுனைக்குக் கிழக்கே ஒரு சொசைட்டியில் முதல் மாடியில் இருக்கிறோம். எங்களுக்கு நேர் கீழே ஒரு பெரியவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், மனைவி காலமாகிவிட்டார், பிள்ளைகள் வெளிநாட்டில். எங்கள் கிரைண்டர் அவர் தலைக்கு மேலே ஓடுகிறது என்பது அவருடைய நிரந்தரப் புகார். மாடிப்படி முகப்பில் கோலம் போட்டால் கால் வழுக்குகிறது என்று ஒரு புகார். தண்ணீர் மோட்டார், கார் நிறுத்தும் இடம், துணி உலர்த்தும் கொடி என்று சொசைட்டி அலுவலகத்தில் எங்கள் பெயரில் அவர் கொடுத்த கடிதங்களைச் சேர்த்தால் ஒரு சிறு மலரே வெளியிடலாம். அவர் வளர்ப்பது ஓர் அல்சேஷன். பெயர் ஷேரு. பின்கட்டில் சின்னத் தோட்டம், அதற்கு ஓர் இரும்புக் கதவு, அந்தக் கதவின் தாழ்ப்பாள் சரியில்லை.

உதவ வேண்டாம் என்பதற்கான காரணங்களை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். அவை நியாயமானவை. பிடிக்கப் போனால் கடிபடலாம். பிடித்துக் கொடுத்தாலும் "என் நாயை ஏன் தொட்டாய்?" என்று சண்டைக்கு வரலாம். ஒவ்வொரு முறையும் நாம் பிடித்துக் கொடுத்தால் தாழ்ப்பாளைச் சரி செய்ய வேண்டும் என்ற எண்ணமே அவருக்கு வராமல் போகலாம். இவற்றோடு நமக்கென்று தனியாக இன்னொரு காரணமும் இருக்கிறது. என் ஹிந்தி காய்கறி வாங்கப் போதுமானது. சண்டை போடப் போதாது. கோபம் வந்தால் எது ஆண்பால், எது பெண்பால் என்று தடுமாறி, எதிராளி சிரித்துவிடுகிறார். "வந்த இடத்தில் நமக்கு எதுக்கு வம்பு?" என்று என் கணவர் சொல்வதில் முப்பது வருஷத்து அனுபவம் இருக்கிறது.

ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? இந்தக் காரணங்கள் எல்லாமே நமக்கும் அந்த வீட்டுக்காரருக்கும் இடையில் உள்ள கணக்கு. நாய் அந்தக் கணக்கைப் பார்த்து ஓடுவதில்லை. நாம் மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு பத்திரமாக இருப்போம். கீழே நிற்பவர் யார்? காலையில் பால் கொண்டு வரும் பையன், குப்பை எடுக்க வருகிறவர், பாத்திரம் தேய்க்க வரும் பெண், மரத்தடியில் மேஜை போட்டு இஸ்திரி போடும் ப்ரெஸ்வாலா, அவருடைய குழந்தைகள். சாத்திக்கொள்ள அவர்களுக்குக் கதவு கிடையாது.

2023-ல் ஹோலி முடிந்த வாரம் அதுதான் நடந்தது. பிற்பகலில் ஷேரு வெளியே வந்துவிட்டது. ப்ரெஸ்வாலாவின் ஒன்பது வயதுப் பெண் பயந்து ஓட, அது துரத்திப்போய் கெண்டைக்காலில் பல்லைப் பதித்துவிட்டது. சத்தம் கேட்டு நான் இறங்கிப் போனபோது குழந்தையின் தாய் காயத்தில் மிளகாய்ப் பொடியை அப்பத் தயாராக இருந்தாள். இங்கே பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். நம் ஊரில் சுண்ணாம்பு, காப்பிப்பொடி. எதுவும் கூடாது. செய்ய வேண்டியது ஒன்றுதான்: குழாயைத் திறந்துவிட்டு, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவ வேண்டும். எந்த சோப்பானாலும் சரி. வெறிநாய்க்கடிக் கிருமியின் மேலுறை கொழுப்பால் ஆனது, சோப்பு அதைக் கரைத்துவிடுகிறது. பதினைந்து நிமிஷம் என்பது சொல்ல எளிது. அழுகிற குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தால்தான் அது எவ்வளவு நேரம் என்று தெரியும். கழுவிய பிறகு இறுக்கிக் கட்டுப் போடக்கூடாது.

அங்கிருந்து நேரே அரசு ஆஸ்பத்திரி. தடுப்பூசி இலவசம். தோலுக்குள் போடும் முறையில் கடிபட்ட அன்று, பிறகு 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 28-ஆம் நாள் என்று நான்கு தடவை. ரத்தம் வந்த கடியானால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற இன்னொரு ஊசியும் உண்டு. தடுப்பூசி வேலை செய்யத் தொடங்கும் வரை காவல் காப்பது அதுதான். இதைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும், விட்டுவிடக்கூடாது. நோய் கண்டுவிட்டால் அநேகமாகப் பிழைப்பதே இல்லை என்பதால் இதில் "பார்க்கலாம்" என்ற பேச்சுக்கே இடமில்லை.

நம்மவர்களில் வயதானவர்கள் இன்றும் நாய்க்கடி என்றால் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்று நடுங்குகிறார்கள். அது ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த பழைய மருந்து. குன்னூரில் 1907-ல் தொடங்கிய பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டிலும் அதைத் தயாரித்தார்கள். அந்த மருந்தை நாட்டில் கைவிட்டு இருபது வருஷம் ஆகிறது. இப்போது கையில்தான் ஊசி. அந்தப் பயத்தால் யாரும் தள்ளிப்போட வேண்டாம்.

திரும்பி வந்து கீழ் வீட்டுக் கதவைத் தட்டினோம். "மேரா குத்தா காட்தா நஹீ" என்றார் பெரியவர். என் நாய் கடிக்காதாம்! குழந்தையின் காலைக் காட்டியதும் சற்று இறங்கி வந்தார். நாயின் தடுப்பூசிப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தோம். கடைசி ஊசி போட்டு ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. வருஷத்துக்கு ஒரு முறை போட வேண்டியது. விசாரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அவருக்கு மூட்டு வலி, படி இறங்க முடியவில்லை. நாயை நடத்திக்கொண்டு போன பையன் ஹோலிக்கு ஊருக்குப் போனவன் திரும்பவில்லை. பத்து நாளாக அந்த நாய் வெளிக்காற்றையே காணவில்லை.

அன்று இரவு எங்கள் வீட்டில் ஒரு விவாதம். "உன் கிரைண்டர் மேலே புகார் கொடுத்தவருக்கு நீயே போய் வேலை செய்யப் போறியா?" என்றார் என் கணவர். "அவருக்கு யாருங்க செய்யறா? கடிச்ச நாயைப் பத்து நாள் கண்ணுல படற மாதிரி வச்சுக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்கார். அந்த ஆள் கவனிப்பார்னு நீங்க நம்பறீங்களா?" என்றேன். பதில் வரவில்லை.

அந்தப் பத்து நாள் கணக்கைச் சற்று விளக்க வேண்டும். வெறிநோய் கண்ட நாயின் எச்சிலில் கிருமி இருக்கும் காலத்தில் அது கடித்திருந்தால், பத்து நாளுக்குள் அந்த நாய் நோய்க்குறி காட்டி இறந்துவிடும். பத்து நாள் கழித்தும் சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, நலமாக இருந்தால் கடித்த அன்று அதன் எச்சிலில் கிருமி இல்லை என்று அர்த்தம். அதற்காக ஊசியை அதுவரை தள்ளிப்போடக்கூடாது. முதல் நாளே தொடங்கிவிட வேண்டும். பிறகு என்ன செய்வது என்பதை டாக்டர் சொல்வார். ஆகவே கடித்த நாயை அடித்துத் துரத்துவதும், வண்டியில் ஏற்றி எங்கேயாவது விட்டுவிடுவதும் கடிபட்டவருக்கே செய்கிற துரோகம். நாய் போய்விட்டால் அந்தச் சாட்சியும் போய்விடும்.

நாங்கள் செய்தது மூன்று வேலைகள். கொல்லரைக் கூப்பிட்டுத் தாழ்ப்பாளை மாற்றினோம், செலவு அவருடையது. காலையிலும் மாலையிலும் நாயை நடத்த ஒரு பையனை, பத்து நாள் முடிந்ததும் வரும்படி ஏற்பாடு செய்தோம். தினமும் காலையில் என் கணவர் ஜன்னல் வழியாக ஷேரு சாப்பிடுகிறதா என்று பார்த்துவிட்டு ப்ரெஸ்வாலாவிடம் சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த நாட்களின் கூலியைப் பெரியவர் கொடுத்தார், இரண்டு தடவை கேட்ட பிறகு. நாய் நலமாகவே இருந்தது. பதினோராம் நாள் கால்நடை டாக்டரை வரவழைத்து அதற்கும் ஊசி போட்டார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பலர் கேட்கிறார்கள். ஆபத்து நேராமல் தன் பிராணியைக் காத்துக்கொள்ளாமல் அலட்சியமாக விடுபவருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது பாரதீய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவு. 2024 ஜூலைக்கு முன் இது இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 289-ஆம் பிரிவாக இருந்தது. தில்லியில் 1957-ஆம் வருஷத்து மாநகராட்சிச் சட்டப்படி நாயைப் பதிவு செய்ய வேண்டும். பதிவுக்கு வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று வேண்டும். ஆகவே நாய் வளர்ப்பவரிடம் பதிவுச் சீட்டைக் கேட்டால் ஊசியைப் பற்றியும் கேட்டதாகிவிடும்.

மறுபக்கமும் உண்டு. நாயை நாள் முழுவதும் குட்டைச் சங்கிலியில் கட்டிவைப்பதும், அடைத்துவைத்து நடக்கவிடாமல் இருப்பதும் 1960-ஆம் வருஷத்துப் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். இந்தச் சட்டம் வரக் காரணமாக இருந்தவர் கலாக்ஷேத்ராவின் ருக்மிணி தேவி அருண்டேல் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. மாநிலங்களவையில் நியமன உறுப்பினராக இருந்தபோது இதற்காகத் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டு வந்தார். 1962-ல் அமைந்த பிராணிகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். வாரியத்தின் தலைமையகம் வெகுகாலம் சென்னையில் இருந்து, 2018-ல் ஹரியானாவின் பல்லப்கட்டுக்கு வந்தது. நம்மைப் போலவே அதுவும் வடக்கே மாற்றலாகி வந்துவிட்டது!

இனி, நாய் வெளியே நிற்கிறது, நீங்கள் பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் வேலை நாயைப் பிடிப்பது அல்ல. சொசைட்டியின் பெரிய கதவைச் சாத்தச் சொல்லுங்கள், குழந்தைகளைப் படிக்கட்டுக்குள் அனுப்புங்கள், வீட்டுக்காரருக்குப் போன் செய்யுங்கள். இவ்வளவு செய்தாலே முக்கால் உதவி முடிந்தது. பழகிய நாய், வாலை ஆட்டிக்கொண்டு நிற்கிறது என்றால் மட்டுமே அருகில் போகலாம். துரத்தக்கூடாது, துரத்தினால் விளையாட்டு என்று எண்ணி இன்னும் ஓடும். நேருக்கு நேர் கண்ணைப் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பி நின்று, அதன் பெயரைச் சாதாரணக் குரலில் சொல்லி, ஒரு சப்பாத்தித் துண்டைத் தரையில் போடுங்கள். தலைக்கு மேலே கையைக் கொண்டு போகாதீர்கள். பல நாய்கள் திறந்த காரைக் கண்டால் தானே ஏறி உட்கார்ந்துவிடும். உறுமுகிறது, உடம்பு விறைத்திருக்கிறது, வாயில் எச்சில் வழிகிறது, தள்ளாடுகிறது என்றால் கிட்டே போகவே வேண்டாம். உங்களை நோக்கி ஓடி வந்தால் ஓடாமல், கையை உடம்போடு ஒட்டி மரம் மாதிரி நில்லுங்கள். கீழே விழுந்துவிட்டால் சுருண்டு படுத்துக் கழுத்தையும் காதையும் கையால் மூடிக்கொள்ளுங்கள். இதைப் பிள்ளைகளுக்கு வீட்டில் ஒரு தடவை செய்து காட்டுங்கள். இரண்டு நாய்கள் சண்டை போடும்போது எந்தக் காரணத்துக்காகவும் நடுவில் கையை விடாதீர்கள்.

உதவிக்கும் ஓர் எல்லை வைத்துக்கொள்வது நல்லது. என் கணக்கில் இரண்டு தடவை வாயால் சொல்லலாம். மூன்றாவது தடவை தேதி, நேரம், யார் பார்த்தார்கள் என்று எழுதி, வீட்டுக்காரருக்கும் சொசைட்டிச் செயலாளருக்கும் கொடுத்து, பிரதியில் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். கடிதத்தில் கிரைண்டர், கோலம் எல்லாம் வரக்கூடாது. நாய் மட்டும்தான். வாட்ஸப் குழுவில் எழுதுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அங்கே நாய் பிரியர்களும் நாய் விரோதிகளும் இரண்டு கட்சியாகப் பிரிந்துகொள்வார்கள், தாழ்ப்பாள் அப்படியே கிடக்கும்.

கீழ் வீட்டுக்காரர் எங்களுக்கு நண்பராகிவிட்டார் என்று நினைக்காதீர்கள். சென்ற மாதம் கூட கிரைண்டரைப் பற்றி ஒரு கடிதம் வந்தது. ஆனால் ஷேருவின் கழுத்துப் பட்டையில் இப்போது அவருடைய போன் நம்பர் தொங்குகிறது, அதன் கீழே எங்கள் நம்பரும். பட்டை இல்லாத நாயைத் தெருநாய் என்று மாநகராட்சி வண்டி ஏற்றிக்கொண்டு போய்விடலாம் என்று சொன்னதும் அன்றே வாங்கி மாட்டிவிட்டார். தீபாவளி வெடிக்குப் பயந்து ஓடும் நாய்கள் நிறைய என்பதால், அன்று இருட்டுவதற்கு முன்பே நாயை உள்ளே விட்டு ஜன்னலைச் சாத்தும்படி நினைவுபடுத்த வேண்டும். அந்தப் பொறுப்பை என் கணவரிடம் விட்டிருக்கிறேன். அவருடைய ஹிந்தி என்னுடையதைவிடத் தேவலை.