உட்கார ஒரு ஸ்டூல்

தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றின் புடவைப் பிரிவைக் கவனியுங்கள். "இதே கலர்ல பார்டர் மட்டும் சின்னதா இருக்காம்மா?" என்று கேட்கிறார் வந்தவர். விற்பனைப் பெண் மேல்தட்டிலிருந்து இன்னொரு கட்டை இறக்கி, முந்தானையை விரித்துத் தன் தோளிலேயே போட்டுக் காட்டுகிறார். "பார்த்துட்டு வர்றோம்" என்று அவர்கள் நகர்ந்துவிட, விரித்ததையெல்லாம் பழைய மடிப்பிலேயே மடித்து அடுக்க வேண்டும். அதற்குள் அடுத்த கஸ்டமர். ஆள் இல்லாத நேரத்திலும் உட்கார முடியாது; ஒரு காலில் பாரத்தைப் போட்டு இன்னொரு காலை லேசாகத் தூக்கிக்கொள்வதுதான் ஓய்வு. பாத்ரூம் போக சூப்பர்வைசரிடம் சொல்ல வேண்டுமே என்று தண்ணீரையே குறைத்துக்கொள்கிறவர்கள் உண்டு.

நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் பாதிக்கு மேல் தருவது இந்தப் பெண் வேலை பார்க்கும் சேவைத் துறை. வேலை தருவதோ சுமார் 30 சதவீதம் பேருக்குத்தான். சேவைத் துறை என்றதும் ஓ.எம்.ஆர். கண்ணாடிக் கட்டடங்களையே நினைக்கிறோம். ஜவுளிக்கடைப் பெண்ணும், ஏ.டி.எம். வாசல் செக்யூரிட்டியும், சாப்பாட்டுப் பையோடு சிக்னலில் நிற்கும் டெலிவரி இளைஞரும் அதே துறைதான்.

கடை ஊழியர்கள் உட்காரும் உரிமையைக் கேட்டு வாங்கியவர்கள் கேரளப் பெண்கள். கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை பார்த்தவர்கள் முதலில் கழிப்பறை கேட்டார்கள், பிறகு நாற்காலி கேட்டார்கள். 2018-இல் அங்கே சட்டம் திருந்தியது. தமிழ்நாட்டில் 2021-இல், 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவு சேர்ந்தது. வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார ஊழியர் எல்லாருக்கும் இருக்கை வேண்டும் என்கிறது அது.

ஊழியர் உட்கார்ந்திருந்தால் வருகிறவருக்கு மரியாதைக் குறைவாகப் படும் என்பது உட்கார விடாததற்குக் கடைக்காரர்கள் சொல்லும் காரணம். எழுந்து வந்து புடவை காட்டினால் எந்த மரியாதை குறைந்துவிடும்?

என் கவலையெல்லாம் கால்களைப் பற்றித்தான். பதினெட்டு, பத்தொன்பது வயதில் ஊரைவிட்டு வந்து, கடை விடுதியில் தங்கி, கல்யாணச் செலவுக்குச் சேர்க்கும் பெண்கள் இவர்கள். சில வருடங்களிலேயே கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொள்கிறது. அதன்பின் வேலையை விட்டுவிட்டால் வைத்தியச் செலவு அவர்கள் வீட்டுக் கணக்கில்தான் விழும். சட்டப்படி இருக்கை போட்டிருக்கிறார்களா என்று சோதிப்பது கஷ்டமான காரியமும் இல்லை. ஒரு தளத்தில் எத்தனை பேர், எத்தனை ஸ்டூல் என்று எண்ணினால் போதும். பண்டிகைக் கூட்டத்தில், முன்கூட்டிச் சொல்லாமல் போய் எண்ண வேண்டும்.